குடத்துக்குள் மூன்றாவது கை

1

எட்மன்டன் நகரத்தின் தென்கிழக்கு மூலையில் நம் ஊர்ச் சாமான்கள் விற்கும் கடை ஒன்று இருக்கிறது. புளி, கம்பு மாவு, கற்பூரம், வெற்றிலை எல்லாம் கிடைக்கும். பித்தளைக் குடமும் கிடைக்கும் என்பது போன ஏப்ரல் மாதம்தான் எனக்குத் தெரியவந்தது. தெரியாமலே இருந்திருக்கலாம்.

என் மகள் நிவேதா கையில் ஒரு பட்டியலோடு வந்திருந்தாள். மே மாதக் கடைசியில் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை டேனியல். உக்ரைன் நாட்டு வம்சம், பிறந்து வளர்ந்தது இங்கே. தாலி கட்டி முடிந்ததும் பெண்ணும் மாப்பிள்ளையும் விளையாட வேண்டிய விளையாட்டுகளை அவளே செல்போனில் பார்த்துப் பார்த்து எழுதியிருந்தாள். ஒருவர் தலையில் ஒருவர் அப்பளம் உடைப்பது, தேங்காய் உருட்டுவது, பூப்பந்து எறிவது, குடத்துக்குள் மோதிரம் தேடுவது.

"அம்மா, இந்தச் சைஸ் போதுமா?" என்று ஒரு குடத்தைத் தூக்கிக் காட்டினாள்.

"அப்பளம் வேணும்னா நூறு ஒடைங்க. தேங்காய உருட்டுங்க. கொடம் மட்டும் வேண்டாஞ் சாமி."

"ஏன்?"

"வேண்டாம்னா வேண்டாம்."

"எதையாவது ஒண்ண என்கிட்ட சொல்லியிருக்கியா நீ? எப்பப் பாரு வேண்டாம், அவ்ளோதான்."

குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. பருப்புப் பையோடு நின்ற ஒரு குஜராத்தி அம்மாள் எங்களையே பார்த்தாள். நிவேதா குடத்தைத் திரும்ப அடுக்கில் வைத்தாள். காரில் வரும்போது பக்கவாட்டில் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் மட்டும் இல்லை, வேறு ஏதோ ஒன்றும் இருந்தது. பத்து வருடமாக அந்தப் பார்வையை எனக்குத் தெரியும். என்னவென்று கேட்டதில்லை, எனக்கு அந்தத் தைரியம் வந்ததில்லை.

என் பெயர் மல்லிகா. பிறந்தது சங்ககிரி, வாக்கப்பட்டது புதுச்சத்திரம் பக்கத்தில். வீட்டுக்காரர் குமரேசன் திருச்செங்கோட்டில் ரிக் வண்டி மெக்கானிக்காக இருந்தவர். ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டியைத்தான் எங்கள் பக்கம் ரிக் என்போம். அந்தக் கைவேலை எங்களை இருபத்தேழு வருடம் முன்னால் இந்தப் பனிக்காட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தது. இங்கே எண்ணெய் தோண்டும் எந்திரங்களைப் பழுது பார்க்கிறார். நான் ஒரு முதியோர் இல்லத்தில் துணி துவைக்கும் பகுதியில் வேலை செய்கிறேன். பேசத் தெரியாதவள் இல்லை நான். சொல்லக் கூடாத ஒன்றை வைத்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

2

மோதிர விளையாட்டை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. குறுகிய வாய்க் குடம், மஞ்சள் கரைத்த தண்ணீர், அடியில் ஒரு மோதிரம். புதுப்பெண்ணும் மாப்பிள்ளையும் ஒரே நேரத்தில் கையை விட்டுத் துழாவ வேண்டும். மூன்று ஆட்டம். யார் கூடுதலாக எடுக்கிறார்களோ அவர்கள் ராஜ்ஜியம்தான் வீட்டில் நடக்கும் என்று சொல்லிச் சுற்றி நிற்கும் பெண்கள் உசுப்பேற்றுவார்கள். முன்பின் பேசியிராத இரண்டு பேர் கையைத் தொட்டுக்கொள்ள ஊர் கொடுக்கும் சாக்கு அது. குடத்துக்குள் என்ன நடக்கிறது என்பது வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது.

நான் குமரேசனுக்கு இரண்டாம் தாரம். முதல் மனைவி பெயர் ஈஸ்வரி. கல்யாணமாகி எட்டாவது மாதம் மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். இதையெல்லாம் சொல்லித்தான் என்னைப் பெண் கேட்டார்கள். லாரிப் பட்டறையில் வேலை செய்த என் அப்பாவுக்கு, சீதனம் கேட்காத மாப்பிள்ளை கிடைத்ததே பெரிய காரியமாக இருந்தது. ஈஸ்வரியைப் பற்றி அதற்கு மேல் யாரும் பேசவில்லை. போட்டோவைக்கூட நான் பார்த்ததில்லை.

எங்கள் பக்கத்தில் சில குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. சுமங்கலியாகச் செத்தவளைப் பூவாடைக்காரி என்பார்கள். வீட்டில் நல்ல காரியம் என்றால் முதல் அழைப்பு அவளுக்குத்தான். கல்யாணத்துக்கு முந்தின நாள் கிணற்றடிக்குப் போய், பம்பை மேளம் அடித்து, பெயர் சொல்லி அழைத்து, அவள் வந்துவிட்டாள் என்று குறி தெரிந்ததும் ஒரு குடத்தில் தண்ணீர் மொண்டு வருவார்கள். குடத்துக்குப் பூச்சுற்றி, சாமி மூலையில் நெல் பரப்பி அதன் மேல் வைத்து, புதுச்சேலை சார்த்திப் படைப்பார்கள். எல்லாம் முடிந்தபின் அந்தத் தண்ணீரைக் கிணற்றிலேயே கொண்டுபோய் விட்டுவிட வேண்டும். எங்கள் கல்யாணத்துக்கும் ஈஸ்வரியை அப்படித்தான் அழைத்து வைத்திருந்தார்கள்.

தாலி கட்டி, மத்தியானம் மாப்பிள்ளை வீட்டுக்கு வந்தோம். கூடத்தில் பாய் விரித்து எங்களை எதிரெதிரே உட்காரவைத்தார்கள். குடம் எங்கே குடம் எங்கே என்று ஒரே கூச்சல். ஆத்தூரிலிருந்து வந்திருந்த ஒரு உறவுக்காரப் பெண், பாவம், அவர்கள் வீட்டில் இந்த வழக்கம் கிடையாது. உள்ளே போனாள், பூச்சுற்றிய குடத்தில் தண்ணீர் தயாராக இருப்பதைப் பார்த்தாள், விளையாட்டுக்குத்தான் அலங்காரம் செய்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். பூவை எடுத்துவிட்டு, மஞ்சளைக் கரைத்து, தூக்கிக்கொண்டு வந்து எங்கள் நடுவில் வைத்துவிட்டாள்.

முதல் ஆட்டத்தில் அவர் எடுத்தார். இரண்டாவதில் நான் எடுத்தேன். அதற்குள் அவருடைய கை எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. கிரீஸ் ஏறி வெடித்த விரல்கள், சூடான கை.

"உட்டுக் குடுத்துராத புள்ள! இன்னைக்கு உட்டீன்னா ஆயுசுக்கும் உட்டுக் குடுக்கோணும்!" என்று யாரோ கத்தினார்கள்.

மூன்றாவது ஆட்டத்தில் என் கையில் பட்டது வேறு கை. மெலிந்த கை, வழுவழுப்பான விரல்கள். தண்ணீரின் குளிர்ச்சியே அதற்கும் இருந்தது. என் விரலைத் தொட்டது, விலகி ஒளிந்தது, மறுபடி வந்து தொட்டது. பிறகு மோதிரத்தை என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடியது. நான் நிமிர்ந்து பார்த்தேன். குமரேசனின் இரண்டு கைகளும் வெளியே இருந்தன. துண்டில் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பொண்ணு செயிச்சிட்டா!" என்று குலவை போட்டார்கள். நிலைப்படியில் என் நாத்தனார் நின்றிருந்தார். எங்கள் பக்கம் வீட்டுக்காரரின் அக்காவை நங்கை என்று கூப்பிடுவோம். நங்கை எங்களைப் பார்க்கவில்லை, குடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. அவருக்குப் பின்னால் சாமி மூலையில், பரப்பிய நெல்லில் குடம் இருந்த இடம் வட்டமாகப் பள்ளம் விழுந்து கிடந்தது.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. ஒன்றே ஒன்றுதான் தோன்றியது. கொடுத்தவள் ஒரு நாள் திருப்பிக் கேட்க வருவாள். அவள் இடத்தில் அல்லவா உட்கார்ந்திருக்கிறேன்.

3

கடல் தாண்டிவிட்டால் எதுவும் பின்னால் வராது என்று சொல்வார்கள். கனடா போகலாம் என்று அவர் சொன்னதும் நான்தான் முதலில் தலையாட்டினேன். பணத்துக்கு ஆசைப்பட்டேன் என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள், பேசட்டும்.

விண்ணப்பத் தாள்களை நான்தான் நிரப்பினேன். அவர் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும், என்னுடையது பரவாயில்லை. இங்கிலீஷ் இரண்டு பேருக்குமே அரைகுறை. குடும்ப உறுப்பினர் பெயர்கள் என்று ஒரு கட்டம் இருந்தது. முந்தைய திருமணம் பற்றிக் கேட்க நாலு பக்கம் தள்ளித் தனியாக ஒரு தாள் இருப்பது எனக்குத் தெரியாது. அரசாங்கத்திடம் எதையும் மறைக்கக் கூடாது என்று அவர் வேறு சொல்லியிருந்தார். முதல் கட்டத்திலேயே குமரேசன், மல்லிகா, ஈஸ்வரி என்று வரிசையாக எழுதி, உறவு என்ற இடத்தில் எனக்கு மனைவி, அவளுக்கும் மனைவி என்று போட்டு அனுப்பிவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. ஈஸ்வரி என்பவரின் பாஸ்போர்ட்டும் மருத்துவப் பரிசோதனை முடிவும் இன்னும் வந்து சேரவில்லை, உடனே அனுப்பவும். அவர் பஞ்சாயத்து ஆபீசுக்கு நடையாய் நடந்து, இறப்புச் சான்றிதழ் வாங்கி, நோட்டரி முத்திரை வைத்து அனுப்பினார். ஜெராக்ஸ் எடுத்தவள் நான்.

அப்படியும் பெயர் எங்கோ ஒட்டிக்கொண்டிருந்தது. எட்மன்டன் விமான நிலையத்தில் அதிகாரி தாளைப் புரட்டிவிட்டு, "மூன்று பேர் என்று இருக்கிறதே?" என்று கேட்டார். இவர் தலையைக் குனிந்துகொண்டார். சான்றிதழை எடுத்து நான்தான் நீட்டினேன். அதிகாரி படித்துவிட்டு வருத்தம் தெரிவித்தார், ஒரு பெயரைப் பேனாவால் அடித்தார். அடித்த பிறகும் எங்கள் தோளுக்குப் பின்னால் ஒரு தடவை எட்டிப் பார்த்தார். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அவர் அப்பா பெயரான ராமசாமி குடும்பப் பெயராகிவிட்டதால் அன்றிலிருந்து இந்த நாட்டுக்கு நான் மிஸஸ் ராமசாமி. மாமனார் பெயருக்கு என்னை மனைவியாக்கிவிட்டார்களே என்று மற்ற தமிழ்க் குடும்பங்களோடு சேர்ந்து நானும் சிரிப்பேன். உள்ளுக்குள் வேறு நினைப்பு ஓடும். ஊரில் பூவாடைக்காரியை அழைக்கப் பம்பை வேண்டும், கிணறு வேண்டும். நான் நீல மையில், பெயர் சொல்லி, வெளிநாட்டுக்கே அழைத்துவிட்டேன்.

4

வந்த அடுத்த வருடம் நிவேதா பிறந்தாள். துணைக்கு என்று யாரும் கிடையாது. அவர் பனியில் எங்கோ வடக்கே வேலையில் இருந்தார். மறுநாள் காலையில் பிள்ளையை எடை பார்க்க வந்த நர்ஸ் நல்ல மாதிரி. மெதுவாகப் பேசுவாள், எனக்கும் புரியும்.

"உன் தங்கச்சி போய்விட்டாளா? பிள்ளை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாளே. விரலைக் கொடுத்துக் கொடுத்துப் பிடுங்கி விளையாடிக்கொண்டிருந்தாள்."

எனக்குத் தங்கச்சி கிடையாது. பிள்ளையை வாங்கி மார்போடு இறுக்கிக்கொண்டேன்.

மூன்று வயதில் ஒரு நாள் நிவேதாவைக் குளியல் தொட்டியில் உட்காரவைத்துவிட்டுத் துண்டு எடுக்கத் திரும்பினேன். களுக்கென்று சிரித்தாள். ஒரு பாட்டில் மூடியைத் தண்ணீருக்குள் தேடிக்கொண்டிருந்தாள். "இப்ப நானு, இப்ப நானு" என்று யாரிடமோ முறை கேட்டாள். அன்றோடு தொட்டிக் குளியல் நின்றது. நீச்சல் வகுப்பு வேண்டாம், ஏரிக்கரை வேண்டாம், வாளியில் கைவிடாதே, பாத்திரத்தில் கைவிடாதே. ஏன் என்று கேட்பாள். வேண்டாம் என்பேன். அவள் குழந்தைப் பருவம் முழுவதும் நான் சொன்னது அந்த ஒரு வார்த்தைதான் என்று இப்போது தோன்றுகிறது.

பதினாறு வயதுக்கு மேல் அவள் விலகிப் போனாள். நான் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் வரும். பிறகு பதிலும் சுருங்கியது. படிக்கக் கால்கரிக்குப் போனாள். போன் செய்தால் அப்பாவோடு பேசுவாள். நான் வாங்கிப் பேசினால் வேலையிருக்கிறது என்பாள். இங்கே எல்லார் வீட்டுப் பிள்ளைகளும் இப்படித்தான் என்று தமிழ்ச் சங்கத்துக்கு வரும் பெண்கள் ஆறுதல் சொன்னார்கள். எனக்கு ஆறவில்லை. திருப்பிக் கேட்க வந்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன். மோதிரத்தைக் கேட்கவில்லை, மகளைக் கேட்கிறாள்.

போன கிறிஸ்துமஸ் மாலையில் டேனியல் வீட்டில் எங்களுக்கு விருந்து. மேசையில் ஆறு பேருக்கு ஏழு தட்டு இருந்தது. டேனியலின் அம்மா விளக்கினார். அந்த மாலையில் செத்துப்போனவர்களுக்கு ஒரு தட்டு வைப்பது அவர்கள் வழக்கமாம். நிவேதா தமிழில், எல்லார் முன்னாலும், என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"நம்ம வீட்ல யாருக்கு வெக்கணும்மா?"

"யாரும் இல்ல சாமி. நீ சாப்புடு."

பக்கத்தில் இவர் கையிலிருந்த கரண்டி தட்டில் தட்டியது. நிவேதா அதற்குமேல் சாப்பிடவில்லை.

5

கடையில் சண்டை போட்ட நான்காம் நாள் நிவேதா வீட்டுக்கு வந்தாள். சமையலறை மேசையில் என் எதிரில் உட்கார்ந்தாள். கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"கல்யாணத்துக்கு இன்னும் அஞ்சு வாரம்தாம்மா இருக்கு. கொடம் ஏன் வேண்டாம்னு சொல்லு. இல்லன்னா நீ கெஸ்ட் மாதிரி வந்துட்டுப் போ. எனக்கு ரெண்டும் ஓகே."

பெற்ற தாயை விருந்தாளியாக வந்து போகச் சொல்கிறாள். இதற்கு மேல் எதைக் காப்பாற்றுவது? ஆரம்பித்தேன்.

"உங்கப்பாவுக்கு என்னைக் கட்டறதுக்கு முன்னால..."

"ஈஸ்வரி" என்றாள்.

அந்தப் பெயர் இந்த வீட்டில் ஒருநாளும் ஒலித்ததில்லை.

"பதினாறு வயசுல பாஸ்போர்ட் ரின்யூ பண்ண பேப்பர் தேடினேன். பழைய ஃபைல்ல அந்த லெட்டர் இருந்துச்சு. ஈஸ்வரி, வொய்ஃப். அவங்களோட மெடிக்கல் வரலைன்னு." என்னை நேராகப் பார்த்தாள். "அவங்கதானே என் அம்மா? நீ வளத்துன அம்மா. அதானே சொல்ல மாட்டேங்கறே?"

நான் முதலில் சிரித்துவிட்டேன். என்ன மாதிரிச் சிரிப்பு என்று எனக்கே தெரியவில்லை. பத்து வருடம். பத்து வருடமாக என் பிள்ளை என்னைப் பார்த்து, இவள் என் அம்மா இல்லை என்று நினைத்திருக்கிறாள். சொல்வேன் சொல்வேன் என்று காத்திருந்திருக்கிறாள். செத்தவள் பிடுங்கிக்கொள்வாள் என்று பயந்து நான் வாயை மூடிக்கொண்டேன். மகளை என்னிடமிருந்து எடுத்தது என் வாய்தான்.

"உன்னப் பெத்தவ நாந்தான்டி. இருவத்தோரு மணி நேரம் வலி. இந்த வயித்துல தையலு இருக்குது, பாக்கறயா?" என்று கத்தினேன். பிறகு அழுதேன். அவளும் அழுதாள்.

கராஜிலிருந்து வரும் கதவு திறந்தது. இவர் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ. திரும்பிப் போய், அவருடைய ஸ்பேனர் பெட்டியின் அடித்தட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். உள்ளே ஈஸ்வரியின் இறப்புச் சான்றிதழ் இருந்தது. அதை அவர் தன்னோடு வைத்திருப்பது எனக்குத் தெரியாது.

நிவேதா கண்ணைத் துடைத்துக்கொண்டு படித்தாள். தேதியைப் பார்த்தாள். அவள் பிறப்பதற்கு மூன்று வருடம் முந்திய தேதி. பிறகு அவள் கண் தாளில் வேறொரு இடத்தில் நின்றது.

"அம்மா. ஏஜ் நைன்டீன்னு போட்டிருக்கு. என்னைவிட ஏழு வயசு சின்னவ."

நானே ஜெராக்ஸ் எடுத்த தாள். கண்ணில் பட்டது, மனதில் படவேயில்லை. மூத்தாள் மூத்தாள் என்று மனதுக்குள் சொல்லிச் சொல்லி, என்னைவிடப் பெரியவளாக, நெற்றி நிறையப் பொட்டோடு, கண்ணை உருட்டிக்கொண்டு இருப்பவளாக ஒருத்தியை நானே உருவாக்கி வைத்திருந்தேன். நர்ஸ் தங்கச்சி என்று சொன்னபோதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அதன் பிறகு குடத்துக்குள் நடந்ததைச் சொன்னேன். நிவேதா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். இவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று கேட்டார். முடிந்ததும் டீ போடப் போனார். அவர் அப்படித்தான். அன்று மூன்று கப் டீயிலும் சர்க்கரை போட மறந்திருந்தார்.

6

மறுநாள் காலை நங்கையைக் கூப்பிட்டேன். அங்கே சாயங்காலம். திரையில் பாதி முகமும் பாதி ஃபேனும்தான் தெரியும், எத்தனை முறை சொன்னாலும் போனை அப்படித்தான் பிடிப்பார்.

"நங்கை, எங்க கண்ணாலத்தன்னிக்கு அந்தக் கொடம்... நீங்க பாத்தீங்கல்லங்க?"

நங்கையின் முகம் விலகி ஃபேன் மட்டும் தெரிந்தது.

"பாத்தஞ் சாமி. நான் பாக்கறதுக்குள்ள ரெண்டு பேரும் கைய உட்டுட்டீங்க. அப்பறஞ் சொல்லி என்ன பண்றது? புதுசா வந்த புள்ள, பயந்துருவியேன்னு உட்டுட்டேன்."

கையைப் பற்றிச் சொன்னேன். தொட்டது, ஒளிந்தது, மறுபடி தொட்டது, எல்லாம். நங்கை பயப்படுவார் என்று நினைத்தேன். அவர் அழத் தொடங்கினார்.

"ஈஸ்வரி கண்ணாலத்துல வெளையாட்டே நடக்கல மல்லிகா. தாலி கட்டி ஊடு வந்து சேரல, பங்காளி ஊட்டுல எழவுன்னு ஆளு வந்துருச்சு. எல்லாச் சாங்கியத்தையும் நிறுத்திப்போட்டோம். பாய் விரிச்சு, கொடத்துல தண்ணி ஊத்தி வெச்சது வெச்சபடி இருந்துச்சு. அந்தப் புள்ள அதையே பாத்துக்கிட்டு நின்னுது. பொறவும் கேக்கும், 'ஏனுங்க நங்கை, மோதரம் எப்பப் போடுவீங்க, நாந்தான் செயிப்பேன்'னு கேக்கும். நாளைக்கு, தீட்டுக் கழியட்டும், ஆடி போகட்டும்னு சொல்லிச் சொல்லியே..."

போனைக் கீழே வைத்துவிட்டார் போலிருக்கிறது. ஓட்டுக்கூரை மட்டும் தெரிந்தது. கொஞ்சம் கழித்துக் குரல் வந்தது.

"புள்ள கண்ணாலத்துக்கு அவளக் கூப்புடாம இருந்தராத. கெணறு இல்லீன்னா என்ன, தண்ணி இருக்குதல்லோ."

இருபத்தெட்டு வருடமாக நான் பயந்தது ஆட்டத்துக்கு வந்த ஒரு சின்னப் பெண்ணை. அவள் தேடி எடுத்த மோதிரத்தைத் தான் வைத்துக்கொள்ளாமல் என் கையில் வைத்து மூடிவிட்டுப் போனாள். அதற்கு நான் அவளை ஒரு தட்டுச் சோறுகூட வைக்காமல் வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அன்று மத்தியானமே போய் அந்தக் குடத்தை வாங்கி வந்தேன்.

7

கல்யாண மண்டபம் என்பது இங்கே சமுதாயக் கூடம். கூடைப்பந்து வளையத்தைப் பூமாலையால் மறைத்திருந்தார்கள். காலையில் தாலி கட்டு, அரசாங்கம் அனுப்பிய அம்மாளின் முன்னிலையில் கையெழுத்து, எல்லாம் ஒழுங்காக முடிந்தது. அந்த அம்மாள் என் பெயரை மிஸஸ் ராமசாமி என்று வாசித்தார். நிவேதா நிறுத்தி, "மல்லிகா. மை மதர், மல்லிகா" என்று திருத்தினாள். எனக்கு அது போதும்.

சாப்பாட்டுக்குப் பிறகு விளையாட்டு. நான் குடத்தை எடுத்துக்கொண்டு மண்டபத்துச் சமையலறைக்குப் போனேன். நிவேதா முகூர்த்தச் சேலையோடு கூடவே வந்து கதவைச் சாத்தினாள். குழாயைத் திறந்து குடத்தை நிரப்பி, மஞ்சளைக் கரைத்து, நாலு ரோஜா இதழைப் போட்டேன். பம்பை இல்லை, நங்கை இல்லை. என்ன சொல்லி அழைப்பது? முறைப்படி அக்கா என்றுதான் கூப்பிட வேண்டும். பத்தொன்பது வயதுப் பிள்ளையை அக்கா என்று கூப்பிட எனக்கு நாக்கு எழவில்லை.

"ஈஸ்வரி, வா சாமி" என்றேன். "பயந்துக்கிட்டு இத்தன நாளு உன்னக் கூப்புடல, மனசுல வெச்சுக்காத கண்ணு. இன்னைக்கு நம்ம ஊட்டுக் கண்ணாலம். நீயும் வெளையாடு. இந்தத் தடவ யாருக்கும் குடுக்காத, நீயே எடுத்துக்க."

குழாய் மூடித்தான் இருந்தது. குடத்தில் தண்ணீர் ஒரு சுற்றுச் சுற்றி அடங்கியது. நிவேதா என் முழங்கையைப் பிடித்தாள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது, அதை மறைக்க மாட்டேன். ஆனாலும் குடத்தை நானே இடுப்பில் வைத்துத் தூக்கிப் போனேன்.

மோதிரம் டேனியலின் அம்மா போட்டது, புது வெள்ளி மோதிரம். எல்லாரும் பார்க்க அவர்தான் குடத்துக்குள் விட்டார், அடியில் போய் விழுந்த சத்தம் முன்வரிசை வரை கேட்டது. முதல் ஆட்டம் நிவேதா. இரண்டாவது டேனியல். அவன் நண்பர்கள் மேசையைத் தட்டிக் கூவினார்கள். நம் ஆட்கள் குலவை போட்டார்கள். அடுத்த ஆட்டத்தில் இரண்டு பேரும் சட்டென்று கையை விட்டார்கள்.

டேனியல் ரொம்ப நேரம் துழாவிவிட்டு வெறுங்கையை எடுத்துக் காட்டினான். நிவேதாவின் கை உள்ளேயே இருந்தது. திடீரென்று தோளைக் குறுக்கிக்கொண்டு சிரித்தாள். சின்ன வயதில் அக்குளில் கிச்சுக்கிச்சு மூட்டினால் சிரிப்பாளே, அந்தச் சிரிப்பு. பிறகு அவளும் மெதுவாகக் கையை எடுத்தாள். கையில் மோதிரம் இல்லை.

"அப்போ உள்ளேதான் இருக்கிறது" என்று டேனியல் குடத்தைத் தூக்கி ஒரு பெரிய தொட்டியில் கவிழ்த்தான். மஞ்சள் தண்ணீர் கொட்டியது. நாலு ரோஜா இதழ் விழுந்தது. அவ்வளவுதான். அவன் குடத்துக்குள் கண்ணை வைத்துப் பார்த்தான், கைவிட்டுப் பார்த்தான், தலைகீழாகப் பிடித்து உலுக்கினான். எங்காவது தெறித்திருக்கும் என்று எல்லாரும் நாற்காலிகளை நகர்த்தித் தேடினார்கள். ஆட்டம் சமன் என்று மைக்கில் அறிவித்துவிட்டு அப்பளத்துக்குப் போய்விட்டார்கள்.

கூட்டம் அந்தப் பக்கம் நகர்ந்த பிறகும் இவர் மட்டும் பட்டு வேட்டியோடு தரையில் முட்டி போட்டு, செல்போன் வெளிச்சத்தில் மேசைக்கு அடியில் தேடிக்கொண்டிருந்தார். அறுபதை நெருங்கும் மனிதர். நான் பக்கத்தில் போய்க் குனிந்தேன்.

"எங்க போயிருக்கும் புள்ள?"

"செயிச்சவங்க எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. எந்திரிங்க மாமா."

அவர் எழுந்திருக்கவில்லை. செல்போன் வெளிச்சத்தை அணைத்தார். என் முகத்தைப் பார்க்காமல், தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"சிரிச்சாளா?"

இத்தனை வருடத்தில் ஈஸ்வரியைப் பற்றி என்னிடம் அவர் கேட்ட முதல் கேள்வி அது. நானும் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"சிரிச்சுச்சுங்க. நல்லாச் சிரிச்சுச்சு."